‘எப்ப ஃப்ரீ?’ என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

“சார், எப்ப ஃப்ரீ?”
“அடுத்த வாரம் பார்க்கலாம்.”
“எந்த நாள் சார் வசதி?”
“நீங்க சொல்லுங்க.”
“வியாழன் ஓகேவா?”
(இரண்டு நாள் கழித்து) “வியாழன் வெளியூர். சனி?”
“சனி எத்தனை மணிக்கு சார்?”
“சாயங்காலம்.”

தமிழில் நேர்காணல் பாட்காஸ்ட் நடத்துகிற யாருடைய வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இந்த உரையாடல் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். எட்டுச் செய்தி போய் வந்தும் கையில் மிஞ்சியது ‘சனி சாயங்காலம்’ மட்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நேரிலா ஆன்லைனிலா, போனிலா லேப்டாப்பிலா, என்ன பேசப் போகிறோம் என்று ஒன்றுமே முடிவாகவில்லை. சனிக்கிழமை மதியம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதற்கு ஒரு செயலியை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோளாறு இருப்பது முதல் கேள்வியில். நம்மிடம் எந்தெந்த நேரம் இருக்கிறது என்று நமக்கே தெரியாதபோதுதான் ‘எப்ப ஃப்ரீ’ என்ற கேள்வி வாயில் வருகிறது. நம் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். அவரும் நாசூக்காக அதை நம்மிடமே திருப்பிவிடுகிறார். ஆகவே விருந்தினரைத் தொடுவதற்கு முன்னால் நம் நேரத்தை நாம் நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். லிங்க், செயலி, நினைவூட்டல் எல்லாம் அதற்கப்புறம்.

ஒரு மணி நேர எபிசோடுக்கு இரண்டு மணி நேரம்

வெளியாகும் எபிசோட் 60 நிமிடம் என்றால் ஸ்லாட், அதாவது ஒரு பதிவுக்கென்று ஒதுக்கும் நேரம், 120 நிமிடம் இருக்க வேண்டும். ஒலிச் சோதனைக்கும் குசலம் விசாரிப்புக்கும் 15, பேச்சுக்கு 70, கோப்பு மேலேறுவதற்கு (அப்லோட்) 10, அடுத்த ஆள் வருமுன் மூச்சு விட 25. பலர் 60 நிமிடத்துக்கு 60 நிமிடமே ஒதுக்கி, இரண்டாவது விருந்தினரை ஆன்லைனில் காக்க வைத்துவிட்டு முதல் விருந்தினரை அரைகுறையாக அனுப்பி வைக்கிறார்கள்.

கோப்பு மேலேறும் அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கக் கூடாது. ரிவர்சைட், ஜென்கேஸ்டர் மாதிரியான தளங்கள் ஒவ்வொருவர் குரலையும் அவரவர் கருவியிலேயே பதிந்து, பிறகு இணையம் வழியாக மேலே அனுப்புகின்றன. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு நிமிடத்துக்கு 5.76 எம்.பி. ஆகும், 70 நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்.பி. வீடியோவும் சேர்ந்தால் அதற்குப் பல மடங்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே பெரும்பகுதி ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் விருந்தினர் வீட்டு இணையம் மந்தமாக இருந்தால் பேச்சு முடிந்தும் கோப்பு பாதியில் நிற்கும். அவர் ‘வணக்கம்’ சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டால் மீதி அவரிடமே தங்கிவிடும். அதே கருவியில் அதே பிரவுசரில் திரும்பத் திறந்தால்தான் மிச்சத்தை மீட்கலாம். மறைமுகச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) பேசியிருந்தால் மூடிய கணமே போயிற்று. அதனால் 100 சதவீதம் காட்டும்வரை விருந்தினரைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க நேரம் வேண்டும்.

வாரத்துக்கு ஒரு எபிசோட் போடுகிறவருக்கு வாரம் நான்கு ஸ்லாட் போதும். நான்கையும் நிரப்பத் தேவையில்லை. விருந்தினர் தேர்ந்தெடுக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது நேர்காணலில் தொகுப்பாளரின் குரல் தொங்கிப் போவது கேட்பவருக்கு நன்றாகவே தெரியும்.

எந்த மணி என்பதற்கு நம்மூர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்கு ஆரம்பித்து மதியம் 2 வரையோ, சில ஊர்களில் மாலை வரையோ நீளும். எந்தெந்தப் பகுதி என்ற அறிவிப்பு முந்தைய நாள் நாளிதழில் வந்துவிடும். வார நாள் காலை ஸ்லாட் வைத்தால் முந்தைய மாலை விருந்தினரின் பகுதிப் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடுங்கள். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து என்ன பயன், அவர் வீட்டு வைஃபை ரூட்டர் அணைந்துவிடுமே. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடிகாலைப் பாட்டு, முகூர்த்த நாளில் தெருமுனைக் கல்யாண மண்டபம் ஆகியவற்றையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து வையுங்கள். பஞ்சாங்கம் இதற்குக்கூட உதவும்.

பஞ்சாங்கம் என்றதும் இன்னொன்று. ஞாயிறு மாலை 4.30 மணி பலருக்கும் பிடித்த ஸ்லாட், ஆனால் 4.30 முதல் 6 வரை ராகு காலம். நீங்கள் நம்புகிறீர்களா என்பது கேள்வியே இல்லை. நம்புகிற விருந்தினர் அதைச் சொல்லமாட்டார். ‘வேறு வேலை வந்துவிட்டது’ என்பார். ஞாயிறு ஸ்லாட்டை 6.15-க்கும் சனிக்கிழமை காலை ஸ்லாட்டை 10.30-க்கும் நகர்த்தினால் செலவில்லாமல் சில ரத்துகள் குறையும்.

தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. ஆடிட்டரை ஜூலை கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கூப்பிடாதீர்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருக்கும். கர்நாடக இசைக் கலைஞர் டிசம்பரில் சென்னை சபாக்களில் இருப்பார். எழுத்தாளரும் பதிப்பாளரும் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் தூங்குவதற்கே நேரமில்லாமல் இருப்பார்கள். புத்தகம் பற்றிய எபிசோட் அப்போது வெளிவர வேண்டுமென்றால் நவம்பரிலேயே பதிந்து வையுங்கள். தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு மாலை 5 முதல் 9 வரை கிடையாது, மதியம் 2.30 கிடைக்கும்.

காலண்டரில் திருக வேண்டிய திருகாணிகள்

நேரத்தை நறுக்கிய பிறகு எந்தச் செயலி என்பது பெரிய விஷயமில்லை. கூகுள் காலண்டரிலேயே முன்பதிவுப் பக்கம் ஒன்றை இலவசமாக அமைக்கலாம்; அதன் லிங்க்கை அனுப்பினால், திறந்திருக்கும் ஸ்லாட்டுகளில் ஒன்றை விருந்தினரே தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்வார். கேலண்ட்லி என்ற முன்பதிவுச் செயலியின் இலவசக் கணக்கில் ஒரு வகைச் சந்திப்புக்கு இடம் உண்டு. மாதம் நான்கைந்து விருந்தினர் வருகிற நிகழ்ச்சிக்கு இதற்கு மேல் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து.

அமைப்பில் நான்கு எண்கள்தான் முக்கியம். குறைந்தபட்ச முன்னறிவிப்பு 4 நாள்: இதைச் சில மணி நேரமாக விட்டுவிட்டால், காலையில் லிங்க்கைப் பார்த்தவர் மாலைக்கே பதிந்துவிடுவார், நீங்கள் அவருடைய ஒரு கட்டுரையைக்கூடப் படித்திருக்கமாட்டீர்கள். எவ்வளவு தூரம் வரை திறந்திருக்கும் என்பது 21 நாள், அதிகம் போனால் 30. இரண்டு மாதம் தள்ளி வாங்கிய தேதி அவருக்கும் மறந்துபோகும், உங்களுக்கும் வேறு ஏதாவது முளைக்கும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே இடைவெளி 25 நிமிடம். 120 நிமிடக் கணக்கில் கடைசியில் வந்தது இதுதான், ஆகையால் சந்திப்பின் நீளத்தை 95 என்று போடுங்கள். நாளுக்கு அதிகபட்சம் 2.

அடுத்து, ஒரே நேரத்தில் இரண்டு வேலை மோதிக்கொள்வது. நிகழ்ச்சிக்கென்று ஒரு ஜிமெயில் கணக்கு, குடும்பத்துக்கு இன்னொன்று. அக்கா மகள் காதுகுத்து இரண்டாவதில் இருக்கும், முன்பதிவுப் பக்கம் முதலாவதை மட்டும் பார்க்கும். குடும்பக் காலண்டரை நிகழ்ச்சிக் கணக்கோடு பகிர்ந்து, உங்கள் கணக்கில் அந்த வசதி இருந்தால் மோதல் பார்க்க வேண்டிய பட்டியலில் அதையும் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்தும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கூகுள் காலண்டரில் ‘முழு நாள்’ என்று ஒரு குறிப்பு போட்டால், அது தானாகவே உங்களை அன்று ஓய்வாக இருப்பவராகக் காட்டும். ‘ஊருக்குப் போகிறேன்’ என்று மூன்று நாளைக்குப் பட்டை இழுத்து வைத்திருப்பீர்கள், அந்த மூன்று நாளிலும் ஸ்லாட் திறந்தே கிடக்கும். குறிப்பைத் திறந்து ‘பிஸி’ என்று மாற்றினால்தான் மூடும்.

தொகுப்பாளர்கள் இருவர் என்றால் இரண்டு பேர் காலண்டரையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல், ‘பதிவு’ என்று பொதுவாக ஒரு காலண்டர் வைத்து அதில் மட்டும் ஸ்லாட் போடுங்கள். அந்த நேரத்தில் வேறு எதையும் ஏற்பதில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டால் போதும்.

லிங்க் யாருக்கு, போன் யாருக்கு

மேல்நாட்டு ஆலோசனைகள் எல்லாம் ‘லிங்க் அனுப்புங்கள், முடிந்தது’ என்று சொல்லும். ஸ்டார்ட்அப் நடத்துகிறவருக்கும் ஐ.டி. ஆளுக்கும் அது சரி; இன்னும் சொன்னால் அவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். எழுபது வயது நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியருக்கு முதல் செய்தியிலேயே ஒரு நீலநிற லிங்க்கை அனுப்பினால், ‘என் டோக்கனை நானே எடுத்துக்கொள்ள வேண்டுமா’ என்றுதான் அவருக்குப் படும். பதில் வராது. வராததற்குக் காரணமும் தெரியாது.

அவருக்குப் போன் போட்டு, இரண்டே இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள். “ஐயா, 14-ஆம் தேதி புதன் மாலை 5.30, அல்லது 17 சனி காலை 10.30, இரண்டில் எது உங்களுக்குத் தோது?” இரண்டும் தோதுப்படாது என்றால் அவரே மூன்றாவதைச் சொல்வார், அப்போது அது திட்டவட்டமான நேரமாக இருக்கும். பேசி முடித்ததும் முன்பதிவுப் பக்கத்தை நீங்களே திறந்து, அவர் பெயரில் நீங்களே பதிந்துவிடுங்கள். அவர் லிங்க்கைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிவு மற்ற எல்லாப் பதிவுகளும் இருக்கிற அதே இடத்துக்கு வந்துவிட வேண்டும். போனில் பேசியதைத் தாளில் குறிப்பது, லிங்க்கில் வந்தது காலண்டரில் இருப்பது என்று இரண்டு கணக்கு வைத்தால் என்றாவது இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள்.

“வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்” என்பவருக்கு அந்த ஸ்லாட்டை உடனே காலண்டரில் ‘தற்காலிகம்’ என்று போட்டு, பிஸியாக்கி, 48 மணி நேரம் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் அவர் யோசிக்கும் இரவில் வேறொருவர் லிங்க் வழியாக அதை எடுத்துக்கொள்வார். 48 மணி நேரம் கழிந்ததும் விட்டுவிடுங்கள், சொல்லிவிட்டு விடுங்கள்.

படிவம்: ஏழு கேள்விக்கு மேல் வேண்டாம்

தேதி உறுதியானதும் கேட்க வேண்டியவை: பெயர் தமிழில் எப்படி எழுத வேண்டும் (தலைப்பெழுத்து முன்னாலா, ‘ன’வா ‘ண’வா, எபிசோட் படத்தில் இது தவறினால் மன்னிப்பே கிடையாது), நாட்டுக் குறியீட்டோடு வாட்ஸ்அப் எண், பதிவு நாளில் எந்த ஊரில் இருப்பார், போனா லேப்டாப்பா, வயர் உள்ள இயர்போன் இருக்கிறதா, அறிமுகத்தில் என்ன சொல்லலாம் (நான்கு வரி), எதைக் கேட்க வேண்டாம். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. நிலுவையில் இருக்கும் வழக்கு, பழைய வேலையிடத்தோடு போட்ட ரகசிய ஒப்பந்தம், குடும்பத் துயரம் எதுவானாலும் பதிவுக்கு முன்பே தெரிந்துவிடும். எடிட்டிங்கில் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

புகைப்படத்தைப் படிவத்தில் கேட்காதீர்கள். கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே, நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். மகனின் லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். வாட்ஸ்அப்பிலேயே வாங்குங்கள், ஆனால் ‘டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும், போஸ்டருக்கு உதவாது.

ஊரைக் கேட்பது நேரக் கணக்குக்காக. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம். இலங்கை 2006-இல் இந்த நேரத்துக்குத் திரும்பியது. சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால், ஆண்டு முழுதும் அப்படியே. சிக்கல் தருபவை கடிகாரத்தை மாற்றுகிற ஊர்கள். டொராண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி பின்னால், குளிரில் பத்தரை. லண்டன் நாலரை, ஐந்தரை. சிட்னி நமக்கு முன்னால் நாலரை. அங்கே கோடை தொடங்கும் அக்டோபரிலிருந்து ஐந்தரை. மாற்றும் தேதியும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2026-இல் டொராண்டோ மார்ச் 8 அன்று மாறுகிறது, லண்டன் மார்ச் 29 அன்று. திரும்பும்போது லண்டன் அக்டோபர் 25, டொராண்டோ நவம்பர் 1. சென்னை, லண்டன், டொராண்டோ என்று மூன்று பேர் பேசும் எபிசோடை அந்த இடைப்பட்ட வாரங்களில் வைத்தால், போன தடவைக் கணக்கை மனதில் வைத்திருக்கும் ஒருவர் நிச்சயம் ஒரு மணி நேரம் தவறி வருவார்.

இந்திய நேரத்தைக் குறிக்க ‘ஐ.எஸ்.டி.’ என்று எழுதாதீர்கள், அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே சுருக்கம்தான். ஊர்ப் பெயர் போட்டு எழுதுங்கள்: ‘2026 அக்டோபர் 16, வெள்ளி. சென்னை இரவு 7.30, டொராண்டோ காலை 10.00.’ நமக்கு வெள்ளி காலை 6.30 என்றால் அவருக்கு வியாழன் இரவு 9 என்பதால், கிழமை மாறும் இடங்களில் இரண்டு ஊர்க் கிழமையையும் எழுத வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு ஸ்லாட் பிரிக்கும்போது மேற்கே உள்ளவர்களுக்குச் சென்னை இரவு 7.30, கிழக்கே உள்ளவர்களுக்கு மாலை 5.30 என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அப்போது இரவு 8, சாப்பாடு முடித்து உட்காரும் நேரம்.

வராமல் போவது

மின்னஞ்சலில் போகும் காலண்டர் அழைப்பை நம்பி இருக்காதீர்கள். தெரியாத முகவரியிலிருந்து வரும் அழைப்பைத் தானாகக் காலண்டரில் சேர்க்காதபடி பலர் அமைத்து வைத்திருப்பார்கள். அதுவும் நம் விருந்தினர்களில் பாதிப் பேர் மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். அழைப்பு போகட்டும், தலைப்பில் நிகழ்ச்சியின் பெயரும் விருந்தினர் பெயரும் இருக்கட்டும். உண்மையான நினைவூட்டல் வாட்ஸ்அப்பில்.

மூன்று போதும். மூன்று நாள் முன்பு, பேசப்போகும் ஐந்தாறு கேள்விகளோடு. முந்தைய மாலை 6 மணிக்கு, பதில் கேட்கும் வடிவில்: “நாளை காலை 10.30 உறுதிதானே ஐயா? லேப்டாப்பில் வருகிறீர்களா, போனிலா?” வெறுமனே ‘நினைவூட்டுகிறோம்’ என்று எழுதினால் நீலக் குறி விழும், வேறு ஒன்றும் தெரியாது. இரவு 9 வரை பதில் இல்லையென்றால் போன். கடைசியாக, பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பு லிங்க் மட்டும் தனியாக. முன்பே அனுப்பியிருந்தாலும் மறுபடி அனுப்புங்கள். யாரும் மேலே தள்ளித் தேடமாட்டார்கள்.

இதைத் தானியங்கியாக்க ஆசை வரும். வாட்ஸ்அப்பின் முறையான வணிக இணைப்பில் செய்தி வார்ப்புகளுக்கு (டெம்ப்ளேட்) முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு. மலிவான குறுக்குவழிச் செயலிகளை நம்பினால் எண்ணே முடங்கும். மாதம் எட்டு விருந்தினருக்குக் கீழே என்றால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் ‘விரைவுப் பதில்’ வசதியில் மூன்று செய்தியையும் சேமித்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்புங்கள். பெயரை மாற்ற மறப்பதுதான் இதில் நடக்கும் ஒரே விபத்து. அதனால் பெயர் வரும் இடத்தில் ‘###’ என்று போட்டு வையுங்கள், கண்ணை உறுத்தும்.

நேரமாகியும் ஆள் வரவில்லையா? 5-ஆவது நிமிடம் போன், 10-ஆவது நிமிடம் ஒரு செய்தி, 20-ஆவது நிமிடம் மூடிவிடுங்கள். செய்தியில் குறை சொல்லாமல், மாற்றுத் தேதிகள் இரண்டைக் கொடுங்கள். தேதி மாற்றும்போது பழையதை ரத்து செய்து புதிதாகப் போடாமல், அதே பதிவை நகர்த்துங்கள். படிவப் பதில்கள் அப்படியே இருக்கும். இரண்டு முறை மாற்றியவரை மூன்றாவது முறை நாமாகக் கூப்பிட வேண்டியதில்லை, அவராக வந்தால் மகிழ்ச்சி. முடித்து வைத்த மூன்று எபிசோடாவது எப்போதும் கையிருப்பில் இருந்தால் இந்த நிதானம் தானாக வரும். கையிருப்பு இல்லாதவர்தான் வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும் கோர்ப்பது ஒரு சாதாரண ஷீட். பெயர், எண், யார் மூலம் கிடைத்தார், நிலை (கேட்டாயிற்று, சம்மதம், தேதி உறுதி, பதிவாயிற்று, வெளியாயிற்று), பிறகு ‘பந்து யாரிடம்’ (அடுத்த வேலை யாருடையது) என்று ஒரு நெடுவரிசைப் பத்தி. அந்தப் பத்தியில் ‘நாம்’ அல்லது ‘அவர்’, பக்கத்தில் தேதி. ‘அவர்’ என்று ஐந்து நாள் கிடந்தால் ஒரு நினைவூட்டல், இன்னும் பத்து நாள் கிடந்தால் இன்னொன்று, அதற்கப்புறம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். ‘நாம்’ என்று இரண்டு நாளுக்கு மேல் எதுவும் கிடக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை இந்த ஒரு பத்தியை வடிகட்டிப் பார்க்கப் பதினைந்து நிமிடம் ஆகும். வெளியாகும் தேதியை மட்டும் விருந்தினரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். “ஆறு வாரத்துக்குள் வரும், முந்தைய நாள் தெரிவிப்போம்” என்றால் வரிசையை மாற்ற உங்களுக்கு இடம் இருக்கும்.

அந்தக் கோப்பு மேலேறும் பத்து நிமிடத்தில் இன்னொரு வேலையும் ஆகும். பேச்சு நன்றாக வந்த திருப்தியில் இருப்பவரிடம், “இதே விஷயத்தில் நாங்கள் வேறு யாரிடம் பேச வேண்டும்?” என்று கேளுங்கள். பெயர் சொல்வார், பெரும்பாலும் “நானே சொல்லி வைக்கிறேன்” என்பார். திரையில் 100 சதவீதம் வருவதற்குள் ஷீட்டில் புது வரி சேர்த்து, ‘பந்து யாரிடம்’ பத்தியில் ‘நாம்’ என்று எழுதுங்கள். சொல்லி வைப்பதாகச் சொன்னது அவர்தான், ஆனாலும் ‘நாம்’ என்றே எழுதுங்கள்.